இரவல் வாங்கிய ஓவியமும் எழுதாத ஒப்பந்தமும்

ஓர் அறக்கட்டளை நடத்தும் சிறிய கலைக்கூடத்தில் கண்காட்சி ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 29. தனியாகப் பொறுப்பேற்று நடத்தும் முதல் கண்காட்சி இது. 18 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஓவியர் ஒருவரின் நீர்வண்ண ஓவியங்களையும் பென்சில் படங்களையும் ஒன்பது வீடுகளிலிருந்து இரவல் வாங்கி, மொத்தம் 46 படங்களை மாட்டியிருக்கிறார். இரண்டு மாதக் கண்காட்சியில் மூன்று வாரம் முடிந்துவிட்டது. கூட்டம் நன்றாக வருகிறது.

படங்களைத் தந்தவர்களிடம் பேச்சு எல்லாம் தொலைபேசியில்தான் நடந்தது. படம் வாங்கும்போது "ஒரு ஓவியம் பெற்றுக்கொண்டேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதி, தன் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று எல்லாப் படங்களையும் பழைய சட்டகத்திலிருந்து எடுத்து, புது மவுண்ட் அட்டையும் (சட்டகத்துக்குள் ஓவியத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) வெள்ளைச் சட்டகமும் போட்டார்கள். தொடக்க விழாவுக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தான் கொடுத்த படகுத்துறை ஓவியத்தைப் பார்த்ததும் அதிர்ந்துவிட்டார். நான்கு பக்கமும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. "நான் கொடுத்தபோது இது இல்லை, படத்தின் முழு விலையைத் தாருங்கள்" என்கிறார். "கண்காட்சி முடியட்டும், அதுவரை பதில் எழுத வேண்டாம்" என்கிறார் கலைக்கூட இயக்குநர்.

இதற்கிடையில் ஓவியரின் மகனிடமிருந்து வழக்கறிஞர் கடிதம். ஒரு படத்தை அஞ்சலட்டையிலும் துணிப்பையிலும் அச்சிட்டு விற்பதை நிறுத்தச் சொல்கிறது. படத்தின் உரிமையாளர் "தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லித்தான் அச்சிட்டார்களாம். போதாக்குறைக்கு, கூட்டம் வருவதால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்று நிர்வாகம் யோசிக்கிறது.

வாசகியின் கேள்விகள்: ஓவியத்துக்கு நான் கைக்காசு கொடுக்க வேண்டிவருமா? மகன் கேட்பது நியாயமா? கண்காட்சியை நீட்டிக்கலாமா? கடைசியாக, விளக்க அட்டைகளில் படம் தந்தவர்களின் பெயரைப் போட வேண்டுமா?

அன்புள்ள வாசகிக்கு,

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. அதனால் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். மகனின் வழக்கறிஞருக்குப் பதில் அனுப்பும் முன் மட்டும் உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் அந்தப் பழுப்புக் கோடு. உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டாம் முறை படித்தேன்: "அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நான்கு பக்கமும் நேராக, காகித விளிம்பிலிருந்து ஒரே அளவு உள்ளே தள்ளி." தண்ணீர் பட்ட கறை இப்படி வராது. அது வளைந்து வளைந்து, எங்கே காய்ந்ததோ அங்கே கரை கட்டும். விளிம்புக்கு இணையாக நேராக ஓடும் கோடு பெரும்பாலும் பழைய மவுண்ட் அட்டை விட்டுச்சென்ற தடம். மரக்கூழில் செய்த மலிவான அட்டையில் அமிலம் உண்டு. ஓவியம் தெரிவதற்காக அட்டையின் நடுவில் சன்னல் வெட்டுவார்கள் அல்லவா, அந்தச் சரிவான வெட்டு விளிம்பில் அட்டையின் உள்பகுதி வெளியே தெரியும். அங்கிருந்து அமிலம் ஆண்டுக்கணக்கில் ஓவியக் காகிதத்தில் இறங்கி, சன்னலின் ஓரத்தை ஒட்டியே பழுப்பாக்கிவிடும். பழைய சன்னல் சிறியது, நீங்கள் போட்டது பெரியது. இவ்வளவு காலம் அட்டையின் ஓரத்தோடு ஓரமாகக் கிடந்த கோடு இப்போது வெளியே வந்திருக்கலாம். ஆசிரியர் பொய் சொல்லவில்லை. அவர் அதைப் பார்த்ததே இல்லை.

நான் வழக்கறிஞர், இதை உறுதியாகச் சொல்ல வேண்டியவர் காகித ஓவியங்களைப் பேணும் கன்சர்வேட்டர். பழைய சட்டகங்களையும் அட்டைகளையும் ஸ்டோர் ரூமில் கட்டி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல வேளை. அவற்றில் ஒரு துண்டைக்கூட யாரும் தூக்கிப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். கன்சர்வேட்டர், ஆசிரியர், நீங்கள் மூவரும் இருக்கும்போது அந்தப் பழைய அட்டையை ஓவியத்தின் மேல் வைத்துப் பார்க்கட்டும். கோடு சன்னல் ஓரத்தோடு சரியாகப் பொருந்தினால் பேச்சின் போக்கே மாறிவிடும். புகைப்படம் எடுத்து, கன்சர்வேட்டரிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். ஆர்வத்தில் நீங்களே முன்கூட்டிச் செய்துபார்க்காதீர்கள்.

இத்தோடு தப்பித்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். கோடு பழையதாக இருந்தாலும், சட்டகத்தைக் கழற்ற உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது? இரவல் ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை, உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் சட்டகத்தைக் கழற்றவோ, சுத்தம் செய்யவோ, பழுதுபார்க்கவோ கூடாது என்பது. உங்களிடம் ஒப்பந்தமே இல்லை என்பதால் அந்த நிபந்தனையும் இல்லை என்று வாதிடலாம்தான். ஆனால் அடுத்தவர் பொருளைப் பொறுப்பில் வாங்கி வைத்திருப்பவர் அதை ஒழுங்காகக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உள்ள கடமை. பொருள் சேதமாகித் திரும்பினால், "நாங்கள் போதிய கவனத்தோடுதான் வைத்திருந்தோம்" என்று காட்டும் சுமை பல நாடுகளில் இரவல் வாங்கியவர் தலையில்தான் விழும். வரும்போது படம் எப்படி இருந்தது என்ற பதிவு இல்லாமல் அதைக் காட்டுவது கடினம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைக் கேட்கிறேன். புது மவுண்டில் படங்களை எதை வைத்து ஒட்டினார்கள்? மெல்லிய ஜப்பானியக் காகிதக் கீற்றும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் என்றால் நிம்மதி, தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம். சட்டகக் கடைக்காரர் செல்லோ டேப் போட்டிருந்தால், பசை நாளடைவில் மஞ்சளாகி காகிதத்துக்குள் ஊறும். அது சந்தேகமே இல்லாமல் உங்கள் பக்கத் தவறு. அதுவும் ஒரு படத்தில் இல்லை, 46 படங்களிலும். இன்றே ஒரு படத்தின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். டேப் இருந்தால் யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. கன்சர்வேட்டர் வரட்டும்.

இயக்குநர் சொன்னதில் பாதி சரி

அவசரப்பட்டு "எங்கள் தவறுதான், பணம் தருகிறோம்" என்று எழுதக் கூடாது. பல காப்பீட்டு ஒப்பந்தங்களில், நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொண்டால் இழப்பீடு கிடைக்காமல் போகலாம். அந்த அளவில் அவர் எச்சரிக்கை சரி. ஆனால் மௌனமாக இருப்பதும் அதே அளவு ஆபத்து. சேதம் தெரிந்த உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கும். ஐந்து வாரம் பதிலே வராத பெரியவர் ஆறாவது வாரம் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே முதலில் படிக்கப்படுவது உங்கள் மௌனம்தான். ஆகவே ஆசிரியருக்கு நாளைக்கே ஒரு கடிதம் போகட்டும்: நீங்கள் சொன்னதைக் கேட்டு வருந்துகிறோம், படத்தைக் காட்சியிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறோம், கன்சர்வேட்டர் இந்தத் தேதியில் பார்க்கிறார், நீங்களும் வாருங்கள். இதில் எங்கும் ஒப்புதல் இல்லை, மறுப்பும் இல்லை.

"கட்டடத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று இயக்குநர் தைரியம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாலிசியை எடுத்துப் படியுங்கள். சொந்தக் கட்டடத்துக்கும் சொந்தப் பொருளுக்கும் எடுத்த காப்பீட்டில், பிறரிடம் இரவல் வாங்கிய கலைப்பொருட்கள் பெரும்பாலும் சேராது, சேர்ந்தாலும் சொற்பத் தொகைக்குத்தான். கண்காட்சிகளுக்கு எடுப்பது தனி வகை. உரிமையாளர் வீட்டுச் சுவரிலிருந்து படம் இறங்கும் கணம் முதல் அதே சுவரில் திரும்ப ஏறும் கணம் வரை, வழியில் வண்டியிலிருக்கும் நேரமும் சேர்த்து, முன்பே ஒத்துக்கொண்ட மதிப்புக்குக் காப்பீடு. அந்த மதிப்பு எழுதப்படவில்லை என்றால், "முழு விலை" என்று ஆசிரியர் எதைச் சொல்கிறார் என்பதே தெரியாது. இன்னொன்று, சேதம் நிரூபணமானாலும் முழு விலை என்பது படம் அழிந்துபோனால் மட்டும்தான். மற்றபடி சீர்செய்யும் செலவு, அப்புறமும் மதிப்பு குறைந்திருந்தால் அந்தக் குறைவு. வழக்கமான கணக்கு இதுதான்.

சரி, உங்கள் கைக்காசு? ஊழியர் தன் வேலையின் பகுதியாகச் செய்ததற்கு நிறுவனமே பொறுப்பு என்பது பொது விதி. வேண்டுமென்றே செய்த கேடு, அப்பட்டமான அலட்சியம் என்றால் கதை வேறு. உங்களுடையது அந்த வகையில் இல்லை. இருந்தாலும் பதவியும் நிறுவனப் பெயரும் இல்லாமல் போட்ட அந்த ஒன்பது கையெழுத்துகள் உறுத்துகின்றன. நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் முறையான இரவல் ஒப்பந்தம் போட்டு, இயக்குநரே கையெழுத்திட்டு, அந்தத் துண்டுச் சீட்டுகளைத் திரும்ப வாங்குங்கள். கண்காட்சி நடுவிலும் செய்யலாம். இன்றைய தேதியையே போடுங்கள். பழைய தேதி போட்டால் சாதாரணச் சிக்கல் மோசடியாகிவிடும். இயக்குநர் வாயால் சொன்ன "பதில் எழுதாதே"வையும் "நீங்கள் கூறியபடி பதில் அனுப்பவில்லை, ஆனால் அனுப்புவது நல்லது என்று கருதுகிறேன்" என்று அவருக்கே மின்னஞ்சல் அனுப்பிப் பதிவாக்கிக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை இருக்கும் இடத்தில் தாள் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மாஸ் மோகா என்ற பெரிய சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. சுவிட்சர்லாந்துக் கலைஞர் கிறிஸ்டோஃப் பூஹெலோடு சேர்ந்து, கால்பந்து மைதானம் அளவுள்ள கூடத்தில் ஒரு பிரம்மாண்டமான காட்சியமைப்பைத் திட்டமிட்டார்கள். 2006 டிசம்பரில் திறப்பதாக இருந்தது. யார் எவ்வளவு செலவழிப்பது, எப்போது முடிப்பது, முடியாவிட்டால் என்ன செய்வது என்று கையெழுத்தான ஒப்பந்தம் எதுவும் இருக்கவில்லை. செலவு இரட்டிப்பானது, கலைஞர் பாதியில் நிறுத்தினார், முடியாத வேலையைப் பார்வையாளருக்குக் காட்டலாமா என்று 2007-ல் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அருங்காட்சியகம் முதல் சுற்றில் வென்றும் அந்த அமைப்பைப் பிரித்து அகற்றிவிட்டது. முடிவுறாத படைப்புக்கும் கலைஞரின் உரிமைப் பாதுகாப்பு உண்டு என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி. உங்களுடையது ஒன்பது வீடும் 46 காகிதங்களும். இரண்டு நாள் உட்கார்ந்தால் எல்லாத் தாளையும் எழுதி முடித்துவிடலாம்.

ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் படத்தின் அளவு, நீர்வண்ணமா பென்சிலா என்ற விவரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஒத்துக்கொண்ட மதிப்பு, காப்பீடு யார் எடுப்பது, சட்டகத்தைத் தொடலாமா, எவ்வளவு வெளிச்சம், புகைப்படம் எடுக்கலாமா, திருப்பித் தருவது எப்படி என்பதெல்லாம் இருக்கட்டும். கூடவே ஒவ்வொரு படத்துக்கும் நிலை அறிக்கை. முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை என்று புகைப்படம் எடுத்து, புள்ளி, மடிப்பு, கிழிசல் எதுவானாலும் குறித்து இரு தரப்பும் கையெழுத்திடுவது. படம் வரும்போதே செய்திருக்க வேண்டியது. இப்போது செய்தால் இனி வரும் சண்டைகளுக்காவது உதவும்.

படத்தை வைத்திருப்பவரும் உரிமை வைத்திருப்பவரும்

உங்கள் கடிதத்திலேயே பெரிய தவறான எண்ணம் இதுதான். ஓவியத்தை விலை கொடுத்து வாங்கியவர் வாங்கியது அந்தக் காகிதத்தையும் அதன் மேலுள்ள வண்ணத்தையும். அதைப் படியெடுத்து அச்சிடும் உரிமை, எழுதிக் கொடுத்தால் ஒழிய, ஓவியரிடமே இருக்கிறது. அவருக்குப் பின் வாரிசுகளிடம். உரிமையாளர் "போட்டுக்கொள்ளுங்கள்" என்றது நல்ல மனதோடுதான். ஆனால் தன்னிடம் இல்லாததை அவர் எப்படிக் கொடுக்க முடியும்?

பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் ஓவியத்தின் பதிப்புரிமை படைப்பாளி இறந்தபின் குறைந்தது 50 ஆண்டு நீடிக்கும். இந்தியாவில் 60 ஆண்டு, பல நாடுகளில் 70. உங்கள் ஓவியர் மறைந்து 18 ஆண்டுதான் ஆகிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் உரிமை உயிரோடு இருக்கிறது. ஆகவே விற்பனையை இன்றே நிறுத்துங்கள். அச்சிட்டதை அழிக்க வேண்டாம், எண்ணி வைத்துப் பூட்டுங்கள். எத்தனை விற்றன என்ற கணக்கும் வேண்டும், பேச்சுவார்த்தையில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

அதே சமயம், கடிதம் வந்துவிட்டது என்பதற்காக மகன் கேட்பதற்கெல்லாம் தலையாட்டவும் வேண்டாம். அவர் ஒருவர்தான் வாரிசா, உயில் உண்டா, உடன்பிறந்தவர்களுக்கும் பங்கு உண்டா, ஓவியர் யாருக்காவது உரிமையை எழுதிக் கொடுத்தாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒரு மகனிடம் அனுமதி வாங்கி அச்சிட்டபின் மகள் வந்து நின்றால் மறுபடி முதலிலிருந்து. கண்காட்சியையே நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் உரிமையாளர் தன்னிடமுள்ள மூலப் படத்தைப் பொதுவில் காட்டலாம். கனடாவில் 1988 ஜூனுக்குப் பிறகு உருவான கலைப்படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதற்கே கலைஞருக்குத் தனி உரிமை உண்டு. கண்காட்சிக் கையேட்டில் படம் போடச் சில நாடுகள் விலக்கு தருகின்றன. அஞ்சலட்டைக்கும் பைக்கும் அந்த விலக்கை நீட்ட முடியாது.

துணிப்பை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படத்தின் வலப்பக்கத்தை வெட்டிவிட்டு, மேலே குறுக்காகக் கண்காட்சியின் பெயரை அச்சிட்டிருக்கிறீர்கள். பதிப்புரிமைக்கு அப்பால், தன் படைப்பைத் தன் பெயர் கெடும்படி சிதைக்கக் கூடாது என்று தடுக்கும் தார்மீக உரிமையும் படைப்பாளிக்கு உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஒரு வணிக வளாகம், சிற்பி மைக்கேல் ஸ்னோ செய்த பறக்கும் வாத்துகளின் கழுத்தில் கிறிஸ்துமஸுக்காகச் சிவப்பு ரிப்பன் கட்டியது. வாத்துகள் வளாகத்தின் சொத்து, காசு கொடுத்து வாங்கியவை. சிற்பி வழக்குப் போட்டார். ரிப்பனை அவிழ்க்கும்படி 1982-ல் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெட்டியதெல்லாம் சிதைப்பு ஆகிவிடாது, உங்கள் பையும் கட்டாயம் அந்த வகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேரம் பேசும்போது அஞ்சலட்டைக்கு உரிமம் கேளுங்கள், பையை விட்டுக்கொடுங்கள். நியாயமான பங்குத்தொகை, ஓவியர் பெயர், வெட்டாத படம், எத்தனை பிரதி என்று எழுதிக்கொண்டால் அவர் மறுக்கக் காரணம் இருக்காது.

எனக்கு வியப்பாக இருந்தது வேறு. அப்பாவின் கண்காட்சிக்கு மகனை யாரும் அழைக்கவே இல்லையா? தேதி இல்லாத படங்களுக்குத் தேதி சொல்லக்கூடியவர், வீட்டில் முன்வரைவுகளும் கடிதங்களும் வைத்திருக்கக்கூடியவர் அவர். வழக்கறிஞர் கடிதத்துக்கு வழக்கறிஞர் வழியாகவே பதில் போகட்டும். அழைப்பிதழ் நேராகப் போகலாம்.

மூன்று மாத நீட்டிப்பு

இதற்கு என் பதில், இப்போதுள்ள நிலையில் வேண்டாம். இரவல் தந்தவர்கள் இரண்டு மாதத்துக்குத்தான் தந்தார்கள். அந்தத் தேதி தாண்டினால் ஒவ்வொருவரிடமும் புதிதாக எழுத்தில் சம்மதம் வேண்டும், காப்பீட்டையும் நீட்ட வேண்டும். "கேட்டால் ஒத்துக்கொள்வார்கள்" என்பது சம்மதம் ஆகாது.

அதைவிட முக்கியம் வெளிச்சம். காகிதத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் அருங்காட்சியகங்கள் வழக்கமாக வைக்கும் அளவு 50 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு). உங்கள் கூடத்தில் கைப்பேசிச் செயலி 300 காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். செயலியை முழுசாக நம்ப முடியாது, ஒரு லக்ஸ் மீட்டர் வாங்கி அளந்துவிடுங்கள். ஆனால் 300 உண்மை என்றே வைத்துக் கணக்குப் பாருங்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 300 நாள் வைத்தால், வெளிச்சத்தையும் நேரத்தையும் பெருக்கி, 1,20,000 லக்ஸ் மணி. 300 லக்ஸில் அதே 8 மணி நேரம் வைத்தால், 50 நாளிலேயே அந்த 1,20,000 வந்துவிடும். விடுமுறை போக உங்கள் இரண்டு மாதம் ஏறக்குறைய அந்த 50 நாள்தான். ஒரு வருட வெளிச்சத்தை இரண்டு மாதத்தில் கொடுத்துவிடுகிறீர்கள். வெளிச்சத்தால் வெளுத்த வண்ணத்தை எந்த நிபுணராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இரவு அணைத்து வைத்தால் சரியாகிவிடும் என்பதும் இல்லை, பட்டதெல்லாம் சேர்ந்துகொண்டேதான் போகும்.

இன்றே கூடத்தின் மேற்கு சன்னலுக்குத் திரை போடுங்கள், விளக்குகளைக் குறையுங்கள். மங்கலாக இருக்கிறதே என்று முதல் நாள் புகார் வரும். வாசலில் சற்று இருட்டான நடைவழி இருந்தால் கண் பழகிவிடும், 50 லக்ஸில் நீர்வண்ணம் நன்றாகவே தெரியும். அதன்பின்னும் நிர்வாகம் நீட்டிக்க விரும்பினால், சம்மதம் தந்தவர்களின் படங்களை மட்டும் வைத்து, ஒரு மாதம், குறைந்த வெளிச்சத்தில். அதற்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

விளக்க அட்டையில் பெயர் போடுவது பற்றிக் கேட்டீர்கள். ஒன்பது பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படுபவர்களும் உண்டு, விலைமதிப்புள்ள படம் வீட்டில் இருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பதில் வரும்வரை "தனியார் சேகரிப்பு" என்று போட்டுவையுங்கள். இப்போது சில அட்டைகளில் பெயரோடு ஊரும் தெருவும் இருப்பதாகச் சொல்கிறீர்களே, அவற்றை நாளைக் காலை கூடம் திறப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள்.